தண்ணிக்கு வழி விட்டால் பாதை நிற்கும்

(இளைஞர் கழகங்களுக்கான பாடம்: நடைபாதையில் மரக்கட்டு கட்டுவது எப்படி?)



இந்த முறை நம்முடைய பாடம் நாம் தினமும் கால் வைக்கிற பாதையைப் பற்றியது.

எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் ஒரு குறுக்குப்பாதை இருக்கும். பணியக்கணக்கு லயத்திலிருந்து மேலே ரோட்டுக்கு ஏறுகிற பாதை. விடியக்காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள் அதில்தான் ஏறுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் ஓடுவார்கள். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விடப் போகிற தாய்க்கும் அதுதான் வழி. கொழுந்துக் கூடையோடு மடுவத்துக்கு இறங்குகிற பெண்ணுக்கும் அதுதான் வழி. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதே வழியில்தான்.

ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பாதையின் வெளி ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மூன்றடிப் பாதை இரண்டடி ஆகிறது. பிறகு ஒன்றரை அடி. "பார்த்துப் போ புள்ள" என்று சொல்லிக்கொண்டே நாமும் கடந்து போகிறோம். ஒரு நாள் யாராவது வழுக்கி விழுந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவோம்.

அந்த ஓரத்தை மரத்தாலும் கல்லாலும் கட்டி நிறுத்தலாம். இளைஞர்கள் 10, 15 பேர் சேர்ந்தால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை. ஆனால் சரியாகக் கட்ட வேண்டும். பிழையாகக் கட்டினால் கட்டாமல் இருப்பதை விட ஆபத்து. இதை நான் அனுபவத்தில் கற்றேன். அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

வாப்பா சொன்ன வக்கடை

நான் பிறந்தது மலைநாட்டில் அல்ல. அம்பாறைக் கரையோரம், கல்முனைக்குத் தெற்கே உள்ள நிந்தவூர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். மலையே இல்லாத ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரன் மலைப் பாதையைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் வாப்பாவோடு வயலுக்குப் போவேன். மாரி மழையில் வரம்பு உடையும். நான் மண்ணை அள்ளி அள்ளி வரம்பை உயர்த்துவேன். வாப்பா சிரித்துக்கொண்டு சொல்வார்: "மகன், வரம்பப் பெருப்பிச்சா மட்டும் காணாது. வக்கடையத் திற. தண்ணி போற வழியில போனா வரம்பு தானா நிக்கும்." வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் கடக்க வெட்டி விடுகிற சின்ன வாய். உங்களுடைய தேயிலை மலையில் கான் செய்கிற வேலையை எங்களுடைய வயலில் வக்கடை செய்கிறது.

கடலோரத்திலும் இதே பாடத்தைக் கண்டேன். நிந்தவூருக்குத் தெற்கே ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அந்தக் கரையோரத்தில் கடலரிப்புப் பெரிய பிரச்சினையாகியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அலைக்கு முன்னால் மண் மூட்டையை அடுக்கி வைத்தால், தண்ணீர் மூட்டையோடு சண்டை பிடிக்காது. அடியால் போகும், பக்கத்தால் சுற்றி வரும், பின்னால் உள்ள மணலை எடுத்துக்கொண்டு போகும். மூட்டை தானாகவே உட்கார்ந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், மலைக்கு வேலைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

முதல் கட்டு ஏன் விழுந்தது?

சில வருடங்களுக்கு முன்பு, நான் கடமை பார்த்த ஒரு தோட்டத்தில் இப்படி ஒரு பாதை ஓரம் உடைந்திருந்தது. இளைஞர்களைக் கூட்டிச் சிரமதானம் வைத்தோம். தடிகளை நிலத்தில் அடித்து, அவற்றுக்குப் பின்னால் சவுக்குப் பலகைகளை நெருக்கமாக அடுக்கி, மண்ணை நிரப்பி மிதித்தோம். பலகைக்குப் பலகை இடைவெளி இல்லை. "மண் ஒரு பொடி கூட வெளியே வராது" என்று பெருமைப்பட்டேன். படமும் எடுத்துக்கொண்டோம்.

அன்று வழியில் வந்த ஒரு தாத்தா நின்று பார்த்தார். பென்சன் எடுத்தவர். வாழ்நாளில் பாதியைக் கான் வெட்டிலேயே கழித்தவர். "ஐயா, கட்டு நல்லாத்தான் இருக்குங்க. தண்ணிக்கு வழி எங்கங்க?" என்று கேட்டார். "தண்ணி உள்ளே போகாது தாத்தா, நல்லா இறுக்கி இருக்கோம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் அந்தக் கட்டு முழுதாகக் கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியால் போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. ஒரு மணித்தியாலம் முந்தி விழுந்திருந்தால், இந்தப் பாடத்தை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

பிறகு தாத்தாவின் லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "மண்ண நிப்பாட்டிடலாம் ஐயா. தண்ணிய நிப்பாட்ட முடியாதுங்க" என்றார். இரண்டாவது கட்டுக்கு அவர்தான் எங்களுக்கு வாத்தியார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தாத்தா சொன்னதைக் கணக்காகவும் பார்க்கலாம். 3 அடி உயரம், 12 அடி நீளம் உள்ள ஒரு கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் 3 அடி அகலத்துக்கு மண். மொத்தம் 108 கன அடி. ஏறக்குறைய 3 கன மீட்டர். காய்ந்த மண் ஒரு கன மீட்டர் சுமார் 1500 கிலோ நிறை. ஆகவே 4500 கிலோ மண் அங்கே இருக்கிறது.

மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைய உண்டு. மழை பெய்தால் அந்தத் துவாரங்களில் தண்ணீர் நிற்கும். மண்ணின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் தங்கலாம். அதாவது இன்னும் 1000 கிலோ கூடுகிறது. பாரம் கூடுவதோடு விஷயம் முடியவில்லை. காய்ந்த கோதுமை மாவைக் குவித்து வைத்தால் குவியலாக நிற்கும். தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றினால் அதே மாவு ஓடும். மண்ணும் அப்படித்தான். ஊறிய மண்ணுக்குத் தானாக நிற்கிற பலம் குறைகிறது. அதோடு, தேங்கிய தண்ணீரும் தன் பங்குக்குக் கட்டைத் தள்ளும். எங்கள் முதல் கட்டு விழுந்தது இதனால்தான். பலகைக்குப் பின்னால் நாங்கள் ஒரு தொட்டி கட்டி வைத்திருந்தோம்.

இன்னொரு கணக்கு. கட்டின் உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே "இன்னும் ஒரு அடி உயர்த்தினால் என்ன?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இளைஞர்கள் தாங்களாகக் கட்டக்கூடியது 3 அடி வரைதான். அதற்கு மேல் பொறியியலாளரின் ஆலோசனை இல்லாமல் தொடக்கூடாது.

கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

1. அனுமதி. பாதையும் மரமும் தோட்டத்தின் பொறுப்பில் உள்ளவை. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு மரத்தைக் கூடக் கேட்காமல் வெட்டக்கூடாது.

2. மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் உடைந்த இடம் தெரியும். உடைத்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மழையில்தான் தெரியும். பல நேரங்களில் காரணம், மேலே மண் மூடிக் கிடக்கிற ஒரு பழைய கான். அந்தக் கானைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. கட்டக்கூடாத இடம். மேலே மலையில் நிலவெடிப்பு இருந்தாலும், மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், புதிதாக ஊற்று கசிந்தாலும் அந்த இடத்தில் கட்டாதீர்கள். அது பாதைப் பிரச்சினை அல்ல, மலைப் பிரச்சினை. உடனே கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

4. மாற்று வழி. வேலை நடக்கும் நாட்களில் பாதையை முழுதாக மூட வேண்டும். பிள்ளைகள் எந்த வழியால் போவது என்று முதலிலேயே முடிவு செய்து எல்லா லயத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

எந்த மரம் நல்லது?

தோட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் சவுக்கும் யூக்கலிப்டசும்தான். 6 அங்குலம் கனமுள்ள நேரான கட்டைகளாகத் தெரிந்தெடுங்கள். பட்டையைக் கட்டாயம் உரிக்க வேண்டும். பட்டைக்குள் ஈரம் தங்கும், பூச்சி குடியிருக்கும். மரத்தின் நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதிதான் தாக்குப்பிடிக்கும். இளம் மரத்தில் வைரம் குறைவு.

எந்த மரமானாலும் மண்ணுக்குள் கிடந்தால் சில வருடங்களில் உழுத்துப் போகும். அப்படியென்றால் ஏன் மரத்தால் கட்ட வேண்டும்? இதற்குப் பதில் கடைசியில் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய மின்கம்பத் துண்டு, ரயில் சிலிப்பர் கட்டை போன்றவை நீடித்து உழைக்கும்தான். ஆனால் அவை மருந்து ஏற்றிய மரங்கள். சிலவற்றில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்கும். சிலவற்றில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் இருக்கும். முறையாகக் கிடைத்தால் கையுறை போட்டுப் பாவிக்கலாம். அதில் வெட்டி மிஞ்சிய துண்டை மட்டும் அடுப்புக்குக் கொண்டு போகவே கூடாது. அந்தப் புகை விஷம். வீட்டில் விறகு எரிக்கிற தாய்மார் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களும் ஆயுதங்களும்

மம்பட்டி, அலவாங்கு, முள்ளு, வாள், கைக்கோடாலி, உளி, துறப்பணம், சுத்தியல், மட்டம் பார்க்கும் நூல், ரசமட்டம், திமிசுக்கட்டை. இவை போதும். அரை அங்குலக் கம்பியை ஓரடித் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடாலி, வாள் பிடிப்பவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்க வேண்டும். சின்னவர்கள் கல் பொறுக்கலாம், புல்லுக் கட்டை பிரிக்கலாம். கட்டைக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. கட்டையை உருட்டும் முன் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். மண் தோண்டும் முன் சுற்றிலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மழை தொடங்கினால் வேலையை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சந்தானே" என்று நிற்க வேண்டாம்.

கட்டும் முறை, படிப்படியாக

முதற்படி: அடித்தளம். தளர்ந்த மண்ணை முழுதாக அகற்றி, அலவாங்கு சுலபமாக இறங்காத கெட்டி மண் வரும் வரை வெட்டுங்கள். கட்டின் அடி, வெளிப்புற நிலத்தை விட 6 முதல் 8 அங்குலம் ஆழத்தில் இருக்க வேண்டும். அடித்தளத்தின் அகலம் 3 அடியாவது வேண்டும். அந்தத் தளம் மலைப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கட்டும். அப்போது கட்டு வெளியே வழுக்காது. அதே நேரம் நீளவாக்கிலும் ஒரு முனைக்குச் சரிவு கொடுங்கள். தளத்தில் சேரும் தண்ணீர் அந்த முனையால் வெளியேற வேண்டும். அந்த முனையில் கல் நிரப்பிய ஒரு சின்னக் கான் வெட்டி விடுங்கள். இதுதான் நம்முடைய வக்கடை.

இரண்டாம் படி: நீளக்கட்டை. பாதையின் ஓரமாக முதல் நீளக்கட்டையைத் தளத்தில் படுக்க வையுங்கள். பாதிக் கட்டை மண்ணுக்குள் இருக்கட்டும். ஆடினால் அடியில் மண்ணைத் திருத்துங்கள். சின்னக் கல்லை அண்டை கொடுத்துச் சமாளிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: குறுக்குக்கட்டை. 3 அடி நீளமான கட்டைகளை, 4 அடிக்கு ஒன்றாக, நீளக்கட்டையின் மேலிருந்து மலைக்குள் போகும்படி வையுங்கள். கட்டைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது இவைதான். எங்கள் முதல் கட்டில் இவை ஒன்று கூட இல்லை. கட்டை கட்டையோடு உட்கார அடிப்பக்கத்தில் கொத்து வெட்டுங்கள். 6 அங்குலக் கட்டையில் கொத்து 2 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழமாக வெட்டினால் கட்டை அந்த இடத்திலேயே ஒடியும். பிறகு துறப்பணத்தால் துளைத்து, கம்பித் துண்டை அடித்து இறுக்குங்கள்.

நாலாம் படி: கல் நிரப்புதல். ஒரு வரிசை முடிந்ததும் கட்டைகளுக்கு நடுவில் கல்லை நிரப்புங்கள். பெரிய கல் வெளிப்பக்கம், இடைவெளியால் உருண்டு விழாத அளவில் இருக்க வேண்டும். சின்னக் கல் உள்ளே. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உள்ள இடைவெளியை அடைக்காதீர்கள். தண்ணீர் அதனால்தான் வெளியே வரும்.

ஐந்தாம் படி: உள்ளே சாய்த்து ஏறுதல். அடுத்த நீளக்கட்டையை, கீழே உள்ளதை விட 2 அங்குலம் மலைப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். இப்படியே ஒவ்வொரு வரிசையும் ஏற வேண்டும். பாரம் சுமக்கிறவர் மலைப்பக்கம் சாய்ந்து நடக்கிறார் அல்லவா? கட்டும் அப்படிச் சாய்ந்து நிற்க வேண்டும். மேல் வரிசை மூட்டும் கீழ் வரிசை மூட்டும் ஒரே நேரில் வரக்கூடாது. சுமார் நாலு வரிசையில் 3 அடி உயரம் வந்துவிடும்.

ஆறாம் படி: பின்பக்க நிரப்பு. கட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய இடத்தில் முதலில் கல், பிறகு தும்பு விரிப்பு, பிறகு மண். தும்பு விரிப்பு தண்ணீரை விடும், மண்ணை விடாது. அது இல்லாவிட்டால் பின்னிய உரப் பையைப் பாவிக்கலாம். உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றிவிட வேண்டும். மண்ணை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். 6 அங்குலம் போடுங்கள், திமிசால் அடியுங்கள், மறுபடி 6 அங்குலம். கை வலிக்கும். ஆனால் இந்த இடத்தில் சோம்பல் பட்டால் ஆறு மாதத்தில் பாதை குழியாகிவிடும்.

ஏழாம் படி: மேல்தளம். பாதையின் மேல், உள்ளோரத்தை விட வெளியோரம் 2 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். மழைத்தண்ணீர் பாதை நெடுகிலும் ஓடாமல் உடனே குறுக்காக வெளியேறும். மலைப்பக்கத்துக் கானைச் சுத்தமாக்குங்கள். கட்டு தொடங்கும் இடத்துக்கு மேலே பாதைக்குக் குறுக்கே ஒரு கல்லுக் கான் வைத்து, வருகிற தண்ணீரை அங்கேயே திருப்பிவிடுங்கள். அந்தத் தண்ணீர் போய் விழுகிற இடத்தில் கல் பரப்புங்கள். கீழே யாருடைய வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அது போகக்கூடாது.

மரம் போன பின் யார் தாங்குவது?

முன்பு விட்ட கேள்விக்கு இப்போது வருவோம். மரம் உழுத்துப் போகும் என்று தெரிந்தும் ஏன் கட்டுகிறோம்? வேருக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கத்தான்.

கட்டு முடிந்த கையோடு, மழைக்காலம் தொடங்கும்போது, கட்டைகளின் இடைவெளியிலும் ஓரத்திலும் செடி வைக்க வேண்டும். வெட்டிவேர் இதற்குத் தலைசிறந்தது. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை போகும். அரை அடிக்கு ஒரு தூராக நெருக்கி வையுங்கள். வெட்டிவேர் கிடைக்காத இடத்தில் மானாப் புல்லோ கவுதமாலாப் புல்லோ வைக்கலாம். உயரம் குறைந்த தோட்டங்களில் கிளிசரிடியாத் தடியை ஊன்றினாலே வேர் பிடிக்கும். பெரிதாக வளர்கிற மரத்தை மட்டும் கட்டின் தலையில் வைக்காதீர்கள். காற்றில் அது ஆடினால் கட்டும் ஆடும்.

கட்டை உழுக்கிற காலத்தில் வேர் வளர்ந்திருக்கும். பிறகு மண்ணை வேர் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் தளர்கிற நேரத்தில் பிள்ளைகள் தலையெடுப்பது போலத்தான்.

பராமரிப்பும் மறக்கக் கூடாது. பெருமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பாருங்கள். கான் அடைபட்டிருக்கிறதா? இடைவெளியால் தெளிந்த தண்ணீர் வருகிறதா, கலங்கல் வருகிறதா? தெளிந்த தண்ணீர் நல்லது. சேறாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கட்டின் வயிறு வெளியே தள்ளியிருந்தால் பாதையை மூடிவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

சிரமதானம் என்றால் கற்றுக்கொள்வதும்தான்

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டு, நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன தன்னுடைய மாணவர்களை ஒதுக்கப்பட்ட ஒரு கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு அழைத்துப் போனார். அந்தக் கிராமத்தின் பெயர் கனத்தொலுவ. சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் உழைப்பைக் கொடுத்தார்கள். கிராமத்தாரிடமிருந்து வாழ்க்கையைக் கற்றார்கள். அமெரிக்காவில் 1937இல் பூர்த்தியான அப்பலாச்சியன் நடைபாதை சுமார் 3500 கிலோமீட்டர் நீளமானது. அதை இன்றும் தொண்டர்கள்தான் பெரும்பாலும் பராமரிக்கிறார்கள். மரக்கட்டும் கல்லுக்கட்டும் அவர்களுக்குச் சாதாரண வேலை.

நம்முடைய மலைநாட்டிலும் இப்போது "பெக்கோ டிரெயில்" என்ற நடைபாதை இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக நுவரெலியா வரை போகிறது. வெளிநாட்டவர்கள் வந்து நடந்து ரசிக்கிறார்கள். அவர்கள் நடக்கிற பழைய தேயிலைப் பாதைகளில் நம்முடைய பாட்டன் பூட்டன்மாரும் நடந்தார்கள், சுமந்தார்கள். பாதை போடுவதும் கான் வெட்டுவதும் கல்லுக்கட்டுவதும் நம் ஆட்களின் கையில் இருந்த வித்தை. அதைக் கற்றுக்கொள்ள நாம் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து லயத்தில் பென்சன் எடுத்து உட்கார்ந்திருக்கிற தாத்தாவிடம் போனால் போதும். அவர் உயிரோடு இருக்கும்போதே போக வேண்டும்.

எங்களுடைய இரண்டாவது கட்டுக்குத் தாத்தா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் கட்டையைத் தூக்கினார்கள். அக்காமார் சாயத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. இந்த முறை படம் எடுக்கும் முன், மேலே 10 வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கல்லுக் கானால் தெளிவாக ஒழுகி வந்தது. "இப்ப எடுங்க ஐயா போட்டோ" என்றார் தாத்தா.

கட்டு செய்யாத வேலை

கடைசியாகச் சொல்வது எல்லாவற்றையும் விட முக்கியம்.

மரக்கட்டு பாதையைத் தாங்கும். மலையைத் தாங்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைநாட்டு மண்சரிவுகளில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அப்படிப்பட்ட சரிவை எந்த மரக்கட்டும் நிறுத்தாது.

டித்வா மழையில் எங்களுடைய அந்தக் கட்டு நின்றது. ஆனால் அதற்கு மேலே மலையில் புதிதாக ஒரு வெடிப்பு இருப்பதை இளைஞர்கள் கண்டார்கள். கட்டைப் பார்க்கப் போன பழக்கத்தால்தான் அதைக் கண்டார்கள். அன்று பின்னேரமே கீழ் லயத்தில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். "கட்டுதான் நல்லா நிக்குதே ஐயா, ஏன் போகணும்?" என்று ஒரு அம்மா கேட்டார். கட்டு நிற்பது வேறு, மலை நிற்பது வேறு என்று விளங்கப்படுத்தி அழைத்துப் போனோம். பாதையைக் கயிறு கட்டி மூடினோம்.

ஆகவே இந்த அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. கதவு, ஜன்னல் திடீரென்று இறுகுதல். மரமும் கம்பமும் சாய்தல். புதிய ஊற்று தோன்றுதல், அல்லது இருந்த ஊற்று திடீரென்று நிற்றல். ஊற்றுத் தண்ணீர் சேறாக வருதல். மலையிலிருந்து வழக்கமில்லாத சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் சாமான் சட்டி பார்க்காமல் வெளியேறுங்கள்.

மழையையும் அளக்கலாம். நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அடிமட்டத்தால் அளவுங்கள். 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 வரை காத்திருக்க வேண்டாம், அது வெளியேறியிருக்க வேண்டிய அளவு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.

இளைஞர் கழகத்தில் பேசிப் பார்க்க

1. உங்கள் தோட்டத்துப் பாதையில் மிகவும் ஒடுங்கிய இடம் எது? மழையில் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

2. 2 அடி உயரக் கட்டையும் 3 அடி உயரக் கட்டையும் ஒப்பிட்டால், மண் தள்ளுகிற பலம் எத்தனை பங்கு கூடும்? (விடை: 4 பங்குக்கு 9 பங்கு. இரு மடங்கை விட அதிகம்.)

3. உங்கள் தோட்டத்தில் கான் வெட்டு, கல்லுக்கட்டு தெரிந்த மூத்தவர்கள் யார் யார்? அவர்களை எப்போது போய்ச் சந்திப்பீர்கள்?

4. இன்று இரவு வெளியேறச் சொன்னால் உங்கள் குடும்பம் எந்த வழியால், எந்த இடத்துக்குப் போகும்?

முதல் மூன்று கேள்விக்கும் கூட்டத்தில் பதில் சொன்னால் போதும். நாலாவது கேள்விக்கு இன்று இரவே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் சொல்லிவிடுங்கள்.